பொதுநிரலும் அதன் காவலரும்

பழைய நூற்பதிப்புகளின் அடிக்குறிப்புகளைப் புரட்டிப் பழகிய எமக்குப் பாடபேதம் என்பது புதியதன்று. நூல் கைமாறி எழுதப்படுந்தோறும் பிழை நுழைதலும், பின்வருவார் அதனைத் திருத்துதலும் இயல்பே. கணிப்பொறி நிரல்களும் இத்தகையனவே என்பதை லிப்எக்ஸ்எஸ்எல்டி என்னும் நிரற்றொகுதியின் வரலாற்றை நோக்கியபொழுது உணர்ந்தோம். ஆயினும் நூற்பிழையால் பொருள் மயங்குமேயன்றிப் படிப்பவன் வீட்டுக் கதவு திறந்துகொள்ளாது. நிரற்பிழையாலோ அதுவும் நேரும்.

எக்ஸ்எம்எல் முறையில் எழுதிய ஆவணத்திற் செய்தி மட்டுமே உண்டு, தோற்றம் இல்லை. அதனை வலைப்பக்கமாகவோ அச்சுப்பக்கமாகவோ ஆக்கும் விதிகள் அடங்கியது பாணித்தாள். அவ்விதிகளை எழுதுதற்குரிய எக்ஸ்எஸ்எல்டி மொழியை 1999-ஆம் ஆண்டில் உலகளாவிய வலைச் சங்கம் வகுத்தது. பாணித்தாளைப் படித்து நிறைவேற்றும் தொகுதியே லிப்எக்ஸ்எஸ்எல்டி. டேனியல் வெய்யார் என்பார் குனோம் திட்டத்திற்கென அதனை சி மொழியில் இயற்றினார். அதன் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், விலையின்றிக் கொள்ளலாம். குரோம், சஃபாரி ஆகிய உலாவிகளும் அதனை எடுத்தாண்டன.

2019-ஆம் ஆண்டில் வெளிப்பட்ட ஒரு பிழையைக் காண்க. ஒரு கோப்பைத் திறக்கலாமா என்று வினவினால், காவற்பகுதி மூன்று விடைகளுள் ஒன்றைத் தரும்: ஒன்று எனின் இசைவு, சுழியம் எனின் மறுப்பு, கழித்தல் ஒன்று எனின், ஆராய்தலிலேயே தவறு நேர்ந்தது என்பது பொருள். வினவிய பகுதியோ சுழியத்தை மட்டுமே மறுப்பெனக் கொண்டது. ஆகவே சூழ்ச்சியாகப் புனைந்த முகவரியைக் கண்டு காவலன் திகைத்து நிற்க, அத்திகைப்பே இசைவாகக் கருதப்பட்டுக் கதவு திறந்தது! 1.1.33 வரையிலான பதிப்புகளில் இருந்த இக்குறை 1.1.34-இல் நீங்கிற்று. திருத்தமோ மிகச் சிறிது. ‘சுழியமாயின்’ என்பதனைச் ‘சுழியமோ அதனிற் குறைந்ததோ ஆயின்’ என்று மாற்றியதே.

விடுவித்த நினைவகத்தை மீண்டும் கையாளுதல் என்பது வேறொரு வகை. விடுதியில் ஒரு மாணவன் அறையைக் காலி செய்து போகிறான். அறையும் வேறொருவனுக்கு அளிக்கப்படுகிறது. எழுத்தரோ பழைய குறிப்பை அழிக்காமையால், முன்னவனுக்கு வந்த மணியார்டரைப் புதியவன் பெற்றுக்கொள்கிறான். 2025 மார்ச்சில் வந்த 1.1.43 பதிப்பு இத்தகைய பிழைகள் இரண்டினைக் களைந்தது.

பதிப்பு எண்ணை மட்டும் கண்டு நன்று, தீது எனத் தீர்ப்பதும் கூடாது. டெபியன் போன்ற தொகுப்பாளர், பழைய 1.1.34 என்னும் எண்ணையே வைத்துக்கொண்டு பிந்திய பாதுகாப்புத் திருத்தங்களை அதனுட் சேர்ப்பர். அட்டையிற் பழைய ஆண்டு. உள்ளே புதிய பிழைதிருத்தம்.

இனி எம் மனத்தை உறுத்தும் செய்திக்கு வருவோம். இத்தொகுதியையும், இதற்கு அடிப்படையான லிப்எக்ஸ்எம்எல்2 என்பதனையும் பிற்காலத்திற் பேணிவந்தவர் நிக் வெல்ன்ஹோஃபர். பிறர் அனுப்பும் பாதுகாப்புக் குறைகளை ஆராய்வதிலேயே வாரந்தோறும் பல மணிநேரம் கழிகிறதென்றும், ஊதியமற்ற தொண்டரால் அது நெடுநாள் இயலாதென்றும் 2025-இல் அவர் அறிவித்தார். அவ்வாண்டிலேயே லிப்எக்ஸ்எஸ்எல்டியின் பொறுப்பினின்றும் விலகினார். குறைகளைக் கண்டு அறிவித்தவருள் கூகிளின் புராஜெக்ட் ஜீரோ குழுவினரும் உளர். அவர்கள் 90 நாள் தவணை கொடுத்து, பின்னர்க் குறையை உலகறிய வெளியிடுவர்.

குறை காண்பதே ஒரு தொண்டன்றோ என்பாருமுளர். ஆம், மறைத்து வைத்தலினும் அது மேலானதே. தவணையில்லையேல் பெரு நிறுவனங்கள் உறங்கிவிடும் என்பதனையும் ஒப்புகிறோம். ஆனால் சம்பளம் பெறும் ஆயிரவரை நோக்கி விதித்த தவணையை, மாலை வேளையில் ஓய்வை இழந்து உழைக்கும் ஒருவர்மீதும் அவ்வாறே விதிப்பது முறையாகுமா? குறையைக் காணும் ஆற்றலுடையார் அதனைத் தீர்க்கும் திருத்தத்தையும் உடனனுப்புக. அத்தொகுதியைத் தம் விலைப்பொருளிற் சேர்த்துப் பயன்கொண்டார், அதனைப் பேணுவாருக்கு ஊதியம் அளிக்க.

2025-ஆம் ஆண்டிலே குரோம் உலாவியினர் மற்றொரு வழியைத் தெரிந்தனர். தம் உலாவியிலிருந்து எக்ஸ்எஸ்எல்டியை நீக்கவிருப்பதாக அறிவித்தனர். அவ்வுலாவிக்கு அது பாதுகாப்பே. ஆயினும் டாக்புக் முறையில் எழுதிய கையேடுகளை எக்ஸ்எஸ்எல்டிபிராக் கருவியால் வலைப்பக்கமாக்குவோர் உலாவியை நம்பி இருப்பவரல்லர். அவர்களுக்கு இத்தொகுதி இன்னும் வேண்டும். இதனாற் பயன்பெற்ற நிறுவனங்கள் யாவும் கூடித் திறமையுள்ள ஓர் ஊழியரின் ஆண்டுச் சம்பளத்தைப் பகிர்ந்து கொள்ளுமாயின், ஒவ்வொன்றின் பங்கும் அவற்றின் கணக்கேட்டிற் கண்ணுக்குத் தென்படுமோ என்பதே எம் ஐயம்.