காளான் பொடிக்குச் சோதனை வேண்டும்

புள்ளலூர் என்னும் சிற்றூரைச் சூழ்ந்த நெல்வயல்களில் அறுவடைக்குப் பின் எஞ்சும் வைக்கோல், சிப்பிக்காளானுக்கு உகந்த படுக்கை. சிறு குடிலும் சிறிது முதலும் இருந்தால் நிலமற்ற குடும்பமும் இதனால் வருவாய் காணலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ஏ.பி.கே.2 பால்காளான், வெயில் மிகுந்த நம் சமவெளிக்கும் இத்தொழிலைக் கொணர்ந்தது. குழம்பில் இடும் காளான்மீது எமக்கு ஐயம் இல்லை. அதையே உலர்த்திப் பொடித்து, சாறு இறக்கி, குளிகையில் அடைத்து, சர்க்கரை நோயும் புற்றுநோயும் தீரும் என்று விற்கும் வணிகமே எம்மைக் கவலைக்குள்ளாக்குகிறது.

புதுக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு நீர். அது வற்றியபின் நன்மை செறிவது போலவே நஞ்சும் செறியும். ஈயம், காட்மியம் முதலிய உலோகங்களைத் தான் வளரும் இடத்திலிருந்து உறிஞ்சிச் சேர்த்துக்கொள்வது காளானின் இயல்பு. மருந்தெச்சச் சிக்கலோ வைக்கோலில் இருந்தே தொடங்குகிறது. கிருமி நீக்குவதற்காக, நறுக்கி ஊறவைத்த வைக்கோலை ஒரு மணி நேரம் வேகவைப்பது ஒரு முறை. விறகுச் செலவுக்கு அஞ்சுவோர், நூறு லிட்டர் நீரில் 125 மி.லி. ஃபார்மலினும் சிறிதளவு கார்பென்டாசிமும் கலந்து, அதில் இரவு முழுவதும் அமிழ்த்தி வைக்கின்றனர். இதுவும் பரிந்துரைக்கப்பட்ட முறையே, விவசாயிமீது குற்றமில்லை. ஆயினும், நாள்தோறும் மாதக்கணக்கில் உண்ணப்படும் பொடியில் அம்மருந்தின் எச்சம் உண்டா என்பதை யாரேனும் அளந்தறிய வேண்டும்.

காளானைப் போற்றிவரும் ஜப்பானே இதில் பாடம் கற்றது. அங்கு மக்கள் வழிவழியாக உண்டுவந்த சுகிஹிராதாகே என்னும் காட்டுக் காளானைத் தின்றவர்களுள் சிலர் 2004 இலையுதிர் காலத்தில் மூளை பாதிக்கப்பட்டு மாண்டனர். அவர்களுள் பலர் சிறுநீரக நோயாளிகள். 2006-இல் புற்றுநோய்க்கு நல்லதென நம்பி வாங்கப்பட்ட அகாரிகஸ் காளான் தயாரிப்புகள் மூன்றை அந்நாட்டு அரசு எலிகளில் சோதித்தது. அவற்றுள் ஒன்று புற்று வளர்ச்சியைத் தூண்டுவதாகத் தெரிந்ததால் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. மற்ற இரண்டில் அக்குறை காணப்படவில்லை. ஒரே இனக் காளான். தயாரிப்புக்குத் தயாரிப்பு விளைவு வேறு. ஆகவே, இனத்தின் நற்பெயரைச் சான்றாகக் காட்டாமல், விற்கப்படும் பொடியையே சோதிப்பது இன்றியமையாதது.

அதற்கான வழிமுறைகள் புதியன அல்ல. எலிகளுக்குத் தொண்ணூறு நாள் கொடுத்துக் கல்லீரல், சிறுநீரகம், குருதி ஆகியவற்றை ஆராய்வது உலகம் ஒப்பிய முறை. மரபணுவைச் சிதைக்குமா என்பதை நுண்ணுயிர்களைக் கொண்டு அறியும் ஏம்ஸ் சோதனையும் உண்டு. இவற்றோடு, நோயாளி ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்துகளோடு மோதுமா என்பதையும் காண வேண்டும். ரெய்ஷி என்னும் காளானின் பொடியை உண்டவர்களுக்குக் கல்லீரல் கெட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. குருதி உறையாமைக்கு மருந்து உண்போருக்கு அக்காளான் கேடு செய்யக்கூடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர்.

நம் நாட்டில் 2018 முதல் நடைமுறையில் உள்ள ஊட்டச்சத்து உணவு விதிகள், ஊட்ட உணவு எதுவும் நோய் தீர்க்கும் என உரைப்பதைத் தடுக்கின்றன. 1954-ஆம் ஆண்டு விளம்பரத் தடைச் சட்டமும் அவ்வாறே. சட்டம் இருந்தும் வாய்மொழி விளம்பரம் ஓயவில்லை.

இச்சோதனைகளின் செலவைக் காளான் வளர்க்கும் சிற்றூர்ப் பெண்கள் குழுவின் தலையில் சுமத்துவது அநீதி. காளான் வித்தும் பயிற்சியும் தரும் பல்கலைக்கழகமே நச்சியல் ஆய்வையும் ஏற்று நடத்தட்டும். விளைபகுதிதோறும் உலோகம், மருந்தெச்சம் ஆகியவற்றை அரசு கட்டணமின்றி அளந்து, முடிவுகளைத் தமிழில் வெளியிடட்டும். அதுவரை நோயாளிகளுக்குக் குளிகை விற்கும் பெருவணிகரிடமிருந்து ஆய்வறிக்கையைக் கேட்டுப் பெறுவது உணவுப் பாதுகாப்புத் துறையின் கடமை.