பத்திரிகை படிப்பதற்கே!

செய்தித்தாளுக்கு ஆயுள் ஒரு நாள் என்பார்கள். ஆனால், தமிழ்நாட்டில் அதற்கு மறுபிறவி உண்டு. காலையில் வீட்டுக்குள் வந்த தாள், மாதக் கடைசியில் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போகிறது. பிறகு ஒரு மாலையில், நான்கு சூடான வடைகளைச் சுமந்துகொண்டு வீடு திரும்புகிறது. குழந்தைகள் ஓடி வந்து பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். வடையின் முதுகில் எழுத்துகள் பதிந்திருக்கின்றன. கண்ணாடியில் காட்டினால் படிக்கவும் படிக்கலாம்!

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் அல்ல.

மையில் என்ன இருக்கிறது?

பத்திரிகை மை முழுவதும் உலர்வதில்லை. அதிலுள்ள எண்ணெயைக் காகிதம் உறிஞ்சிக்கொள்கிறது, அவ்வளவுதான். பத்திரிகை படித்து முடித்தவர் தம் விரல் நுனியைப் பார்த்தால் இது விளங்கும். உலர்ந்த விரலிலேயே ஒட்டுகிற மை, சூடாக எண்ணெய் சொட்டும் பஜ்ஜியில் ஒட்டாமல் இருக்குமா? மையின் நிறப்பொருள்களும் மற்ற ரசாயனங்களும் பலகாரத்தோடு வயிற்றுக்குள் போகின்றன.

எல்லா மையிலும் ஈயம் உண்டென்று சொல்வதற்கில்லை. சிலவற்றில் இருக்கக்கூடும். ஈயமோ குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. இவ்வளவு வரை பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மை ஒருபுறம் இருக்கட்டும். அந்தத் தாள் எந்த மூலையில் கிடந்தது, எத்தனை கை மாறியது என்பதை யார் அறிவார்? அழுக்கும் கிருமியும் அதனுடன் வரும் இலவச இணைப்பு!

இன்று தின்றவர் நாளையே படுக்கையில் விழுவதில்லை. அதுதான் ஆபத்து. உடனே வயிற்றைப் பிடித்திருந்தால், இந்தப் பழக்கம் என்றோ ஒழிந்திருக்கும்.

சட்டம் இருக்கிறது

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-ல் இது குறித்து எச்சரித்தது. உணவை வைக்கவோ சுற்றவோ செய்தித்தாளைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018-ஆம் ஆண்டு விதிகளில் தடையே விதித்தது. 2023-ல் மறுபடியும் நினைவூட்டியது. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், பழக்கத்தின் வேர் எவ்வளவு ஆழம் என்பது தெரிகிறதல்லவா?

பழி யாருக்கு?

தள்ளுவண்டிக்காரர் தலையில் மட்டும் பழியைப் போடுவது நியாயம் அல்ல. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. நல்ல தடைதான். ஆனால், பிளாஸ்டிக் தாளை விட்டவர் கைக்கு மலிவாகக் கிடைப்பது பழைய பேப்பர். இலை வாங்கக் காசு வேண்டும். வடையில் கிடைக்கும் சில்லறை லாபத்தில் அவர் எதை விடுவார், எதை எடுப்பார்? வாங்குகிறவரும் அந்தச் செலவில் பங்குகொள்வதே முறை.

வழியும் கடினமானதல்ல. கடைக்குப் போகிறவர் ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கையோடு கொண்டுபோகலாம். டப்பா இல்லாத நாளில், "இலையில் கட்டிக் கொடுங்கள்" என்று கேட்கலாம். வாழை இலையும் மந்தாரை இலையும் காகிதம் வருமுன்பே பொட்டலம் கட்டப் பழகியவை. நாலு பேர் கேட்டால், ஐந்தாவது ஆள் வருவதற்குள் கடைக்காரர் இலை வாங்கி வைப்பார்.

தாய்மார்கள் தங்கள் சமையலறையையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. பூரியிலும் அப்பளத்திலும் எண்ணெய் வடிய, தட்டில் விரித்திருப்பது என்ன? துளையுள்ள வடிதட்டு ஒன்று அந்த வேலையைப் பார்க்குமே!

பத்திரிகை அறிவுக்கு உணவு. அதை வயிற்றுக்கு அனுப்ப வேண்டாம்.