விடியலில் செத்த மீனுக்கு மத்தியானத்தில் பரிசோதனை

வற்றாப்பளையில் உப்புநீரில் விளக்கெரியும். வைகாசிப் பொங்கலுக்குச் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் விளக்கேற்றி வைத்து, பிறகு கண்ணகி அம்மனிடம் கொண்டுவருவார்கள். மதுரையை எரித்துவிட்டு வந்த அம்மன், நந்திக்கடல் களப்பின் கரையில் மாடு மேய்த்த பொடியங்களிடம் கிழவியாக வந்து, எண்ணெய் இல்லாவிட்டால் கடல்நீரை ஊற்றி ஏற்றுங்கள் என்றாள் என்பது கதை. விளக்கெரிக்கக் குறை சொல்லாத அந்தத் தண்ணீரில் மீன்தான் செத்து மிதக்கிறது.

கோடை முற்றிய ஒரு விடியற்காலை, வீச்சுவலையைத் தோளில் போட்டபடி நின்ற ஒரு பெரியவரோடு களப்புக் கரையில் நின்றேன். மணலைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கரையோரம் வெள்ளை வயிறாகச் சில ஒதுங்கிக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே யப்பானும் கிடந்தது. சேற்றுக் குட்டையிலும் பிழைத்துக்கொள்கிற மீன் அது. பெரியவர் ஒன்றை எடுத்துச் செவிளைத் தூக்கிக் காட்டினார். சிவப்பு போய்ச் சாம்பல் பூத்திருந்தது. "வெயிலெண்டு சொல்லுவினம். வெயில் போன வருசமும் இருந்ததுதானே, தம்பி."

வெயில் என்பது பொய்யல்ல, பாதி உண்மை. தண்ணீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் ஒக்சிசன் குறையும். வயலிலிருந்து வரும் உரமும் ஊர்க் கழிவும் சேர்ந்தால் பாசி பெருகும். பகலில் ஒக்சிசனை வெளியிடும் பாசி இரவு முழுக்க அதையே உறிஞ்சும். செத்துப் படிந்த பாசி அழுகும்போது மிச்சத்தையும் தின்றுவிடும். அதனால்தான் சாவு விடியற்காலையில் வருகிறது. லீற்றருக்கு இரண்டு மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்களுக்கு மூச்சுத் திணறும். வெயில் ஏறினால் பாசி மறுபடி வேலை தொடங்கிவிடும். மத்தியானம் வந்து கருவியை விட்டுப் பார்ப்பவருக்குத் தண்ணீர் நல்ல தண்ணீராகவே தெரியும். சாட்சி காலையிலேயே கலைந்துவிடுகிறது.

மீனாவது ஆழத்துக்கு ஓடிப் பார்க்கும். மட்டியும் சிப்பியும் எங்கே ஓடும்? அவை தண்ணீரை உறிஞ்சி வடித்து வாழ்பவை. நன்கு வளர்ந்த ஒரு சிப்பி நாளொன்றுக்கு நூறு லீற்றருக்கு மேலும் வடிக்கும். அந்தத் தண்ணீரில் ஈயமோ கட்மியமோ இருந்தால் அது சதையில் தங்கும். அவித்தால் கிருமி சாகும், உலோகம் சாகாது. ஜப்பானின் மினமாட்டாவில் ஆலை கடலில் விட்ட பாதரசம் மீன், சிப்பி வழியாகத்தான் மனிதரின் நரம்புக்குப் போனது. 1956இல் நோய் வெளியே தெரிவதற்கு முன்பே அந்த ஊர்ப் பூனைகள் வலிப்பு வந்து செத்திருந்தன. நந்திக்கடலை மினமாட்டா என்று நான் சொல்லவில்லை. 2009 மே மாதம் போரின் கடைசி நாட்களைக் கண்ட சேறு இது. அதில் என்ன கிடக்கிறது என்று சோதித்துச் சொல்லுங்கள் என்று கேட்பது பீதி கிளப்புவதாகாது.

இறாலின் கதை வேறு. பூச்சியும் இறாலும் நண்டும் கணுக்காலி என்ற ஒரே குலத்தவை. நெல்லுப் பூச்சியின் நரம்பைத் தாக்கும் மருந்துக்குக் கூனி இறாலின் நரம்பு விலக்கல்ல. பேராறும் சுற்றுப்புற வாய்க்கால்களும் நந்திக்கடலில்தான் விழுகின்றன. காலபோகத்துக்கு விதைத்துக் களைநாசினியும் பூச்சிமருந்தும் அடிப்பது ஐப்பசி, கார்த்திகையில். வட்டுவாகல் பக்கம் தொடுவாய் திறந்து, கடலிலிருந்து இறால் குஞ்சு களப்புக்குள் ஏறுவதும் அதே மழைக்காலத்தில். குஞ்சு உள்ளே வருகிறது, மருந்துத் தண்ணீர் எதிரே வருகிறது. கமக்காரரைக் குற்றஞ்சாட்டி இதை முடித்துவிட முடியாது. வற்றாப்பளையில் வயலும் வலையும் ஒரே வீட்டிலேயே உண்டு.

2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது, செவிளிலும் வாயிலும் பிளாஸ்ரிக் மணிகளோடு செத்த மீனின் படத்தை உலகமே பார்த்தது. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் இழப்பீடு கட்ட உத்தரவிட்டது. அங்கே பெயர் எழுதிய கப்பல் ஒன்று இருந்தது. களப்பை வாய்க்கால் வாய்க்காலாகக் கெடுப்பதற்குப் பெயரும் இல்லை, வழக்கும் இல்லை. நந்திக்கடல் 2017இல் இயற்கை ஒதுக்கிடமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. ஒதுக்கிடம் என்றதும் வலைக்காரர் மீதுதான் முதலில் கண் போகும். வாய்க்காலின் வாயையும் கொஞ்சம் பார்க்கலாம்.

கேட்பது பெரிய காரியமல்ல. கையில் பிடிக்கும் ஒக்சிசன் மானி ஒன்றை மீனவர் சங்கத்துக்குக் கொடுத்துப் பழக்கினால், விடியற்காலை ஐந்து மணிக்கு அளக்க கொழும்பிலிருந்து ஆள் வரத் தேவையில்லை. மீன் செத்த அன்று காலையே தண்ணீரும் மீனும் ஐஸ் பெட்டியில் ஏற வேண்டும். நீர்வாழ் வளங்களை ஆராயும் நாரா நிறுவனமும் மத்திய சுற்றாடல் அதிகார சபையும் வட்டுவாகல், வற்றாப்பளை, கேப்பாப்புலவு, பேராற்று வாய் என்று இடங்களைக் குறித்து, தண்ணீரோடு சேற்றையும் மட்டிச் சதையையும் தவணை தவறாமல் சோதித்து, முடிவைத் தமிழில் சங்கக் கட்டடத்துச் சுவரில் ஒட்ட வேண்டும். வட்டுவாகலில் 2025 செப்டெம்பரில் புதிய பாலத்துக்கு வேலை தொடங்கியாயிற்று. வாகனம் போக எவ்வளவு அகலம் என்பதைப் போலவே, கீழே தண்ணீர் போய்வர எவ்வளவு இடம் என்பதையும் ஊருக்குச் சொல்லட்டும். பொங்கலுக்கு வரும் சனம் விட்டுப்போகும் பொலித்தீன் களப்புக்குப் பறக்காமல் பார்ப்பது பிரதேச சபையும் கோயிலும் நாங்களும் சேர்ந்து செய்யவேண்டியது.

இன்னொன்று, செலவே இல்லாதது. காலபோகம் தொடங்குமுன் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். எந்தக் குளத்தில் எவ்வளவு தண்ணீர், எப்போது விதைப்பு என்று அங்கே முடிவாகும். அந்தக் கூட்டத்தில் மீனவர் சங்கத்துக்கு இரண்டு கதிரை போடுங்கள். மருந்தடித்த வயலின் தண்ணீரை எத்தனை நாள் வரம்புக்குள் மறித்து வைப்பது, தொடுவாயை எந்தக் கிழமை வெட்டுவது என்ற இரண்டையும் ஒரே மேசையில் பேசி நாள் குறிக்கலாம்.