கொள்ளிடக் கரையின் உயரமும் வெள்ளக் கணக்கும்

கொள்ளிடத்தில் வெள்ளம் வடிந்தவுடன் கரையோரக் கிராமங்களிலிருந்து எழும் விண்ணப்பம் பெரும்பாலும் ஒன்றே. கரையை இன்னும் இரண்டடி உயர்த்த வேண்டும் என்பது. விரும்புவது நியாயமே, அளவு சொல்லும் முறைதான் சரியன்று. இரண்டடி என்பது எக்கணக்கிலிருந்து வந்தது? கோயில் மதிலில் முன்னோர் காட்டிச் சென்ற 1924ஆம் ஆண்டு வெள்ள அடையாளத்திலிருந்து என்பர். அவ்வடையாளம் அருமையானதே. ஆயினும் அது அன்றைய ஆற்றின் ஜலமட்டமேயன்றி இன்றைய ஆற்றினுடையதன்று. மணல் எடுத்த இடங்களில் ஆற்றுத்தரை தாழ்ந்துவிட்டது. வேறிடங்களில் நாணலும் சீமைக்கருவேலும் மண்டி ஓட்டத்தைத் தடுக்கின்றன. ஆற்றின் கரடு இரு மடங்கானால், அதே ஆழத்திலும் சரிவிலும் ஜலத்தின் வேகம் பாதியாகும் என்பது மானிங் என்பவரின் சூத்திரம். வேகம் குறைந்தால் மட்டம் ஏறியே தீரும்.

ஆகவே முதலில் நிர்ணயிக்க வேண்டியது உயரமன்று, வரத்து. ஆண்டுதோறும் வந்த உச்ச வரத்துகளை வரிசைப்படுத்தி, எத்தகைய வெள்ளம் எத்தனை ஆண்டுக்கொருமுறை வரக்கூடுமென்று இஞ்சினீயர்கள் கணிக்கின்றனர். பின்னர் ஆற்றைப் பல இடங்களில் குறுக்கே அளந்து, அவ்வரத்து எங்கெங்கு எம்மட்டத்தில் ஓடுமென்று கடல்முகத்திலிருந்து மேல்நோக்கிக் கணினியில் கணக்கிட்டு, பழைய அடையாளங்களுடன் ஒப்பிட்டுத் திருத்துகின்றனர். அதற்கு மேல் அலைக்கும் கணக்கின் பிசகுக்குமாக உபரி உயரம் விடப்படும்.

விளைநிலத்தைக் காக்கும் கரைக்கு நம் நாட்டில் பொதுவாக 25 ஆண்டு வெள்ளமே அளவு. இச்சொல் பலரை ஏமாற்றுகிறது. ஒருமுறை வந்துவிட்டால் 25 ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்பது பொருளன்று. ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கு நான்கு வாய்ப்பு உண்டென்பதே பொருள். 25 ஆண்டுகளுள் ஒருமுறையேனும் அவ்வளவு வெள்ளம் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 64.

1934இல் மேட்டூர் அணை முடிந்தபின் 1924 போன்ற வெள்ளத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பாரும் உளர். அவ்வெள்ளம் மேட்டூரில் வினாடிக்கு ஏறக்குறைய 4½ லட்சம் கன அடி. நாளொன்றுக்கு 3,888 கோடி கன அடி. அணையின் கொள்ளளவோ 9,347 கோடி. வறண்டு கிடந்தாலும் இரண்டரை நாளில் நிரம்பிவிடும். வெள்ளக் காலத்தில் அது வறண்டு கிடப்பதுமில்லை. 2018 ஆகஸ்டில் அங்கிருந்து விடப்பட்டது 2 லட்சம் கன அடிக்குச் சற்று மேல்தான். அம்மாதத்திலேயே முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகளில் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன.

மிராசுதார்கள் முக்கியமாகச் சிந்திக்க வேண்டியது மற்றொன்று. தென்கரை மட்டும் உயர்ந்தால் வடகரை மூழ்கும். இரண்டையும் உயர்த்தினால், முன்பு வழிந்து பரவிய ஜலம் நெருக்குண்டு மட்டம் மேலும் ஏறும், படுகைச் சாகுபடி முழுதும் அழியும். சிலவிடங்களில் கரையைப் பின்னே தள்ளியமைத்து ஆற்றுக்கு இடம் விடுவதே மேல். அதற்கு நிலம் போகும். தக்க ஈடு கொடுக்காமல் இதைப் பேசுவது வீண்.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கது செலவில்லாத வேலை. வெள்ளம் உச்சத்தில் நிற்கும்போதே மதில், பாலம் முதலியவற்றில் வர்ணக் கோடிட்டு நாளும் மணியும் குறிக்க வேண்டும். மேலே எங்கேனும் கரை உடைந்தபின் இட்ட கோடாயின் அதையும் எழுதி வைக்க வேண்டும். இல்லையேல், உடைப்பினால் தாழ்ந்த மட்டத்தையே ஆற்றின் உச்சமென்று கணக்கில் எடுத்துக்கொள்ள நேரிடும்.