தூசிக்கு ஓடிவரும் காவல்

பட்டாசு செய்யும் ஊரான தாயில்பட்டி என்றால் வெளியூர்க்காரருக்கு வெடிவிபத்துதான் நினைவுக்கு வரும். அலுமினியப் பவுடரையும் கந்தகத்தையும் அளந்து கலப்பவர்களின் மூச்சில் போகும் தூசி செய்தியாவதில்லை. லண்டன் பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தின் சார்ல்ஸ் ஸ்வான்டன் குழு 2023இல் வெளியிட்ட ஆய்வை இங்கே வைத்துப் படிக்க வேண்டும். காற்றின் நுண்துகளை விழுங்க ஓடிவரும் மேக்ரோஃபேஜ் செல்கள் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதத்தைச் சுரக்கின்றன. ஈஜிஎஃப்ஆர் மரபணு மாற்றத்தோடு சும்மா கிடந்த நுரையீரல் செல்களை அதுவே புற்றாக வளரத் தூண்டுகிறது. காவலுக்கு வந்ததே கதவைத் திறந்துவிடுகிறது.

அந்த ஆய்வு நகரக் காற்றைப் பற்றியது, பட்டாசுத் தூசியைப் பற்றியதல்ல என்பது நியாயமான மறுப்பு. அலுமினியப் பவுடர் புற்றுநோய் தரும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் சிலிக்கா தூசியிலும் தீராத அழற்சி வழியாகவே புற்று வருவதாகக் கருதப்படுகிறது; இங்கே தூசியை அளந்து பார்க்க அதுவே போதுமான காரணம். புற்று வந்தால் இம்யூனோதெரபி இருக்கிறதே என்பார்கள். நோயெதிர்ப்பு டி செல்களின் தடையை நீக்கும் அந்த வழிக்கு 2018இல் நோபல் கிடைத்தது உண்மை. ஆனால் ஈஜிஎஃப்ஆர் மாற்றமுள்ள கட்டிகள் அதற்குப் பெரும்பாலும் மசிவதில்லை, செலவோ லட்சங்களில். ஆகவே பணம் முதலில் போக வேண்டியது காற்றோட்டத்துக்கும் சரியான முகக்கவசத்துக்கும் ஆண்டுதோறும் நுரையீரல் பரிசோதனைக்கும்தான். எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லாமல் வீட்டிலேயே பட்டாசு செய்பவர்களையும் அந்தப் பரிசோதனைக்கு அழைக்க வேண்டும், வழக்குப் போடாமல்.