எடுத்த ரத்தத்துக்குப் பதில்

கிருஷ்ணகிரி மாவட்டச் சுகாதார அலுவலர் அவர்களுக்கு,

அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகும் யானைக்காட்டுச் சாலையில் இருக்கிறது நாட்றாம்பாளையம். இங்குள்ள இருளர் வீட்டுப் பிள்ளை வெளிறிப்போய், கை கால் குடைச்சலில் அழுதால், 'ரத்தம் பத்தலை' என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவிடலாம். ஆனால் தலசீமியாவின் மரபுக் கூறு உள்ளவரின் ரத்தமும் பார்வைக்கு இரும்புக் குறைவு போலத்தான் இருக்கும். அரிவாள் செல் நோயின் குடைச்சலோ எந்தச் சத்து மாத்திரைக்கும் அடங்காது.

நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் கூறு இருப்பதை ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் 1952இலேயே எழுதிவிட்டார்கள். ஒன்றிய அரசின் அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம் தொடங்கியது 2023 ஜூலை 1 அன்று. 7 கோடிப் பேருக்குப் பரிசோதனை, 2047க்குள் ஒழிப்பு என்கிறார்கள். இருக்கட்டும். எங்கள் கவலை எண்ணிக்கை பற்றியதல்ல.

இந்த இயக்கத்தின் முகாமில் செய்யும் கரைதிறன் சோதனையில் குழாய் கலங்கினால், அரிவாள் ஹீமோகுளோபின் இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். அவர் நோயாளியா, கூறை மட்டும் சுமப்பவரா என்பதை எச்.பி.எல்.சி. சோதனைதான் பிரித்துச் சொல்லும். ஆறு மாதம் நிரம்பாத கைக்குழந்தையிடம் முதல் சோதனை ஏமாந்துபோகும். தலசீமியாவை அது காட்டவே காட்டாது. ஆகவே விரலில் குத்திய அன்றைக்குப் பாதி வேலைதான் முடிகிறது. மீதிப் பாதி வரும்போது அந்த ஆள் பெங்களூரில் சித்தாள் வேலையில் இருப்பார். ரத்தம் எடுக்கும்போதே முடிவு சொல்லும் தேதியையும் குறித்துக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நல்லது.

சொல்கிற விதமும் முக்கியம். அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டுவது மலை, சமவெளி பார்க்காமல் இந்த மாவட்டமெங்கும் உள்ள வழக்கம். தாய், தகப்பன் இருவரும் ஒரே கூறைச் சுமந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நோயுள்ள பிள்ளை பிறக்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. இதைத் திருமணத்துக்கு முன்பே சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஊர் கூடிய இடத்தில் பெயர் கூப்பிட்டு முடிவு அட்டை கொடுத்தால், பழி முழுவதும் பெண் தலையில்தான் விழும். கூறு சுமப்பவர் நோயாளி அல்லர் என்பதைப் பையன் வீட்டாரிடமும் உட்கார்ந்து பேச, இருளர் பேச்சு தெரிந்த ஓர் ஆள் வேண்டும். ஆய்வுக்கென்று தனியாக ரத்தம் எடுப்பதானால், அதற்குத் தனி ஒப்புதல் வாங்குங்கள்.

நோய் உறுதியானவர்களுக்கு ஹைட்ராக்ஸியூரியாவும், அதைச் சாப்பிடும்போது அவ்வப்போது பார்க்கவேண்டிய ரத்த அணு எண்ணிக்கைச் சோதனையும் பக்கத்திலேயே கிடைக்கவேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தலசீமியாவும் அரிவாள் செல் நோயும் இருக்கின்றன, சான்றிதழுக்கு அலையவிடாதீர்கள்.

அடுத்த முகாமுக்கு ஆட்களைத் திரட்டி வருவது எங்கள் பொறுப்பு. நீங்கள் திரும்பி வரும் தேதியை மட்டும் முதலில் சொல்லுங்கள்.