மரை கழண்ட ஃபோர்க்கும் டெஃப்லான் டேப்பும்

ஒருத்தனுக்குப் புத்தி பிசகிவிட்டால் "மரை கழண்ட கேஸ்" என்று சொல்வோம் இல்லையா, இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் கட்டாயம் ஒரு பட்டறைக்காரராகத்தான் இருந்திருக்க வேண்டும். மரை போன போல்ட் வெளியிலிருந்து பார்த்தால் நல்ல பிள்ளை மாதிரிதான் இருக்கும். ஸ்பேனர் போட்டால் சுற்றும், கொஞ்சம் இறுகின மாதிரிகூட நடிக்கும். ஆனால் பிடிப்பு இருக்காது. (தெலுங்கில் திருகாணிக்கு மரமேகு என்கிறார்கள். நம்ம மரைக்கு ஒன்றுவிட்ட சொந்தம் போல.)

இந்த ஆர்.சி.புரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு நடை போனால், வீட்டுக்கு வீடு பைக்கைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பையன்களைப் பார்க்கலாம். யூட்யூபில் பார்த்துவிட்டு முன் ஃபோர்க்கின் ஆயில் சீல் மாற்றுகிறார்கள். நம்ம ஜனங்கள் "இதெல்லாம் மெக்கானிக் வேலைடா, கையெல்லாம் கறை, போய்ப் படி" என்று விரட்டுவார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. பி.காம் படித்துவிட்டு பேங்கில் கையெழுத்துப் போடுகிறவன்கூட ஒரு சீலை மாற்றக் கற்றுக்கொள்ளலாம். அதில் ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் கிடையாது. என் சண்டையெல்லாம் ஒரே ஒரு இடத்தில்தான். நடுவில் மரை போய்விட்டால், "சும்மா டெஃப்லான் டேப் சுத்திப் போடு, நிக்கும்" என்று பக்கத்தில் ஒரு குரல் வருமே, அந்தக் குரலோடுதான்.

தண்ணீர்க் குழாயில் சுற்றுகிற டேப் அது. கசிவை அடைக்கும், பாரம் தாங்காது. லாக்டைட்டும் அப்படித்தான். நல்ல மரை அதிர்வில் கழலாமல் இருக்க அதை விடுகிறோம், இல்லாத மரையை அது உண்டாக்காது. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு. வராத கடனை மூடப் புதுக்கடன் கொடுத்து, கணக்கை நல்ல கணக்காகக் காட்டுவது. பேங்க் விஷயத்திலாவது இன்ஸ்பெக்ஷனில் மாட்டும். ஃபோர்க் விஷயத்தில் மும்பை நெடுஞ்சாலையில், பட்டான்செருவு தாண்டி, லாரிக்குப் பக்கத்தில் மாட்டும்.

மரை ஏன் போகிறது? ஃபோர்க்கின் அடிக்கால் அலுமினிய வார்ப்பு, அதில் போகிற போல்ட் எஃகு. இரண்டும் மல்லுக்கட்டினால் தோற்பது அலுமினியம்தான். அதிலும் முதல் ஒன்றிரண்டு சுற்றுதான் பாரத்தில் பெரும்பங்கைத் தாங்குகிறது. அந்தச் சுற்றுகள் நசுங்கினால் பின்னாடி இருப்பவை வரிசையாக உரியும். ஸ்பேனரில் பைப்பைச் செருகி "ஒரு தம்" கொடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று தப்பான போல்ட். 10 மி.மீ. போல்ட்டில் 1.25 பிட்சும் உண்டு, 1.5 பிட்சும் உண்டு. டப்பாவில் கிடந்த ஒன்றை எடுத்துப் போட்டால் இரண்டு சுற்று சமர்த்தாக உள்ளே போகும், அப்புறம் முரண்டு பிடிக்கும். பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். திருவொற்றியூரில் செய்த வண்டியானாலும் வம்சம் இங்கிலாந்து. விட்வொர்த் 1841-ல் வகுத்த மரைக்குக் கோணம் 55 டிகிரி, இன்றைய மெட்ரிக் மரைக்கு 60. கிட்டத்தட்ட பொருந்துகிறதே என்று மெட்ரிக் நட்டைப் போட்டு இறுக்கினால் ஸ்டட் காலி. பழைய புல்லட்டில் முன் ஆக்ஸிலைப் பிடிக்கிற மூடிகள் அந்த மாதிரி ஸ்டட்டுகளில்தான் நிற்கின்றன என்பதை மறக்க வேண்டாம்.

நிறையப் பேர் மாட்டுவது ஃபோர்க்கின் மேல்மூடியில். உள்ளே ஸ்பிரிங் மேலே தள்ளும், மூடியின் மரையோ பொடி மரை. அமுக்கிக்கொண்டே அவசரமாகத் திருகினால் கோணலாக ஏறிவிடும். முதலில் பின்பக்கமாகத் திருப்புங்கள். மரை வாயில் உட்காரும்போது "டக்" என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அங்கிருந்து முன்னால் கையாலேயே திருகுங்கள். மூன்று சுற்றாவது விரலால் போக வேண்டும், போகவில்லை என்றால் வெளியே எடுங்கள். கழற்றும்போதும் மேல் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்திவிட்டுத்தான் மூடியில் கை வைக்க வேண்டும். கிளாம்ப் இறுக்கியிருந்தால் குழாயும் மரையைக் கவ்விக்கொள்ளும்.

சரி, போயே போய்விட்டது, என்ன செய்வது? லேசாக நசுங்கியிருந்தால் அதே அளவு டேப்பை விட்டுச் சுத்தம் செய்யலாம். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால், அலுமினியத்துக்குக் கொஞ்சம் மண்ணெண்ணெய். உரிந்தே போயிருந்தால் ஹெலிகாயில்தான் சரியான வழி. துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதற்கென்றே உள்ள டேப்பால் மரை வெட்டி, எஃகுக் கம்பிச் சுருளை உள்ளே இறக்குவது. நேர்த்தியாகச் செய்தால் பழைய அலுமினிய மரையைவிட உறுதியாகவே நிற்கும். ஆனால் துளை ஒரு இம்மி சாய்ந்தாலும் போச்சு. அதனால் கை டிரில்லை வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து.

இந்த ஊரில் இருந்துகொண்டு அதற்குக் கஷ்டப்படுவானேன்? திருவெறும்பூரில் பாய்லர் செய்கிற பி.ஹெச்.இ.எல். இங்கே டர்பைன் செய்கிறது. திருச்சிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த குடும்பங்கள் எத்தனை நம்மிடையே! வாழ்நாள் முழுக்க மைக்ரோமீட்டரோடு குடித்தனம் நடத்தி ரிட்டயரான ஒரு மாமாவாவது உங்கள் தெருவில் இருப்பார். பையனை அவரிடம் அனுப்புங்கள். திட்டிக்கொண்டேதான் சொல்லித் தருவார், ஆனால் ஒழுங்காகச் சொல்லித் தருவார். அவர் கைகாட்டுகிற லேத் பட்டறையில் கொடுத்தால் வேலை சுலபமாக முடியும். பாலாநகர் வரை போக முடிந்தால் பட்டறைகளுக்குப் பஞ்சமே இல்லை.

மட்கார்டு போல்ட்டுக்கு ஏதோ ஒட்டுப்போட்டு ஓட்டுங்கள், நான் கேட்கப்போவதில்லை. ஆக்ஸில் பிடிப்பு, கிளாம்ப், பின் ஷாக் அப்சார்பரின் ஸ்டட், இந்த மூன்றில் மட்டும் வேண்டாம். ஃபோர்க் குழாயின் உள்மரையே போயிருந்தால் குழாயை மாற்றிவிடுங்கள், காசு போனால் போகட்டும். வேலை முடிந்த வண்டியை முதலில் நம்ம காலனிக்குள்ளேயே மெதுவாக நாலு ஸ்பீடு பிரேக்கர் ஏற்றி இறக்குங்கள். இறங்கி வந்து, கம்பெனி மேனுவலில் போட்டிருக்கிற டார்க் அளவில் டார்க் ரென்ச்சை ஒருமுறை வைத்துப் பாருங்கள். இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் திங்கட்கிழமை ஆபீசுக்கு பஸ்தான்.